நாலு, அஞ்சு, ஆறாம் மாசம்: நர்சம்மாகிட்ட கேளுங்க

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல மசக்கை முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற நடு மூணு மாசத்தைப் பத்திதான் இருந்துச்சு, அதனால முழு பகுதியும் அதுக்கே ஒதுக்கிட்டேன். 31 வருஷம் அரசு நர்ஸா இருந்தவ நான், அதுல முக்கால்வாசி ஆரம்ப சுகாதார நிலையத்துலதான். இந்த மாசங்க மேல எனக்கு ஒரு தனிக் கவலை உண்டு. முதல் மூணு மாசம் வாந்தி தாங்காம தானா ஓடி வந்துடுவாங்க, எட்டு ஒன்பதாம் மாசம் பிரசவ பயத்துல வந்துடுவாங்க, நடுவுலதான் உடம்பு நல்லா இருக்கும், பசி எடுக்கும், முகம் தெளிஞ்சிருக்கும், "எனக்கு என்னம்மா, நல்லாத்தான இருக்கேன்"னு செக்கப்பை விட்டுடுவாங்க. எங்க நிலையத்துல செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள், அன்னிக்கு வராம போனவங்க பேரை எழுதிட்டு சாயந்திரம் வீட்டுக்கே போய்ப் பாத்தா, அதுல நிறைய பேரு அஞ்சு ஆறு மாசக்காரங்களாத்தான் இருப்பாங்க.

கணக்கு தெரியாதவங்களுக்கு ஒரு வரி, கடைசியா மாதவிடாய் வந்த முதல் நாள்ல இருந்து எண்ணி 14-வது வாரத்துல ஆரம்பிச்சு 27 வாரம் முடியற வரைக்கும்தான் இந்த ரெண்டாவது கட்டம்.

நர்சம்மா, எனக்கு 15 வாரம், தலைப்பிரசவம். ரெண்டு மாசமா தண்ணி குடிச்சாக்கூட வாந்தி, போன வாரம் திடீர்னு நின்னுடுச்சு. மார்பு வலியும் இல்ல, வயிறும் தெரியல. கர்ப்பமா இருக்கற மாதிரியே இல்ல. உள்ள பாப்பா இருக்கா இல்லையான்னு ராத்திரி எல்லாம் முழிச்சிருக்கேன். அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. — வாசகி, ஈரோடு

கண்ணு, வாந்தி இருந்தப்ப எப்படா நிக்கும்னு அழுதிருப்ப, நின்னதும் ஏன் நின்னுச்சுன்னு அழற, எல்லா தலைச்சன்காரியும் இப்படித்தான், இதுல வெட்கப்பட ஒன்னும் இல்ல. மசக்கைக்குக் காரணமா இருக்கற ஹார்மோன் பத்தாவது வாரம் வாக்குல உச்சத்துக்குப் போய்ட்டு அப்புறம் இறங்கிடும், பிள்ளையைக் காப்பாத்தற வேலையை நஞ்சுக்கொடி எடுத்துக்கும், அதனாலதான் நிறைய பேருக்கு 13, 14 வாரத்துல வாந்தி ஓயுது. உனக்கும் அப்படித்தான் இருக்கணும். வயிறு தெரியலன்னு சொல்றியே, 12 வாரத்துல கர்ப்பப்பை இடுப்பெலும்புக்கு மேல லேசா எட்டிப் பாக்கும், அவ்வளவுதான், 20 வாரத்துலதான் தொப்புள் மட்டத்துக்கு வரும். முதல் பிள்ளைக்கு வயித்துத் தசை இறுக்கமா இருக்கறதால இன்னும் கொஞ்சம் லேட்டாத்தான் வெளிய தெரியும்.

ஆனா ஒரு மாசம் தூங்காம காத்திருக்க வேண்டாம். பக்கத்துல இருக்கற நர்ஸ்கிட்டயோ டாக்டர்கிட்டயோ போய், பயமா இருக்கு, துடிப்பு மட்டும் கேக்கணும்னு சொல்லு, கையில வச்சுப் பாக்கற சின்ன டாப்ளர் மெஷின்ல ரெண்டு நிமிஷத்துல கேட்டுடலாம், ஸ்கேன்கூட வேண்டாம். குதிரை ஓடற மாதிரி நிமிஷத்துக்கு 110-ல இருந்து 160 வரைக்கும் அடிக்கும். அந்த சத்தம் கேட்ட பொண்ணுங்க முகத்தை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன், அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்குவாங்க. ரத்தம் பட்டாலோ, அடிவயித்துல விட்டு விட்டு இழுத்துப் பிடிச்சாலோ மட்டும் நேரம் பாக்காம போயிடணும்.

19 வாரம் ஆகுது, இன்னும் பாப்பா அசையறது தெரியல. என் நாத்தனாருக்கு நாலாம் மாசமே தெரிஞ்சுதாம். — வாசகி, ஆம்பூர்

நாத்தனாருக்கு அது எத்தனாவது பிள்ளைன்னு கேளுங்க முதல்ல. ரெண்டாவது பிள்ளைன்னா 16 வாரத்துலயே தெரியும், அந்த அசைவு எப்படி இருக்கும்னு உடம்புக்கு ஏற்கனவே தெரியும்ல. முதல் பிள்ளைக்கு 18-ல இருந்து 22 வாரம் வரைக்கும் ஆகலாம். ஸ்கேன் ரிப்போர்ட்ல பிளசண்டா, அதான் நஞ்சுக்கொடி, முன்பக்கம், ஆன்டீரியர்னு போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும், நடுவுல ஒரு மெத்தை வச்ச மாதிரி அது உதையைத் தாங்கிக்கும். எல்லாரும் உதை உதைன்னு சொல்றதால நீங்களும் உதையை எதிர்பாத்துட்டு இருப்பீங்க, ஆரம்பத்துல அப்படி இருக்காது, தண்ணிக்குள்ள குமிழி விட்ட மாதிரி, உள்ளிருந்து யாரோ விரலால லேசா சுண்டின மாதிரி இருக்கும், கேஸ்னு நினைச்சு சீரகத் தண்ணி குடிச்சவங்க நிறைய பேரு. ராத்திரி சாப்பிட்டுட்டு ஒருக்களிச்சு அமைதியா படுத்து கவனிங்க. 24 வாரம் ஆகியும் ஒன்னுமே தெரியலன்னா காட்டணும். ஒருதடவை நல்லா தெரிய ஆரம்பிச்ச அசைவு திடீர்னு குறைஞ்சாலோ நின்னாலோ அன்னிக்கே காட்டணும், நாளைக்குப் பாப்போம்ங்கற பேச்சு கூடாது.

அஞ்சாம் மாச ஸ்கேன் எடுக்க டாக்டர் எழுதிக் குடுத்தாங்க. மாமியார் அடிக்கடி ஸ்கேன் எடுத்தா பிள்ளைக்கு ஆகாது, ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. என் தங்கச்சிக்கு இதே ஸ்கேன்ல நஞ்சு கீழ இருக்குன்னு சொல்லி படுத்தே கெடக்கா, அதனாலயும் எனக்கு பயம். — வாசகி, திருவாரூர்

இந்த ஒரு ஸ்கேனை மட்டும் தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க. 18-ல இருந்து 20 வாரத்துக்குள்ள எடுக்கறது இது, டிஃபான்னு சொல்லுவாங்க, அனாமலி ஸ்கேன்னும் சொல்லுவாங்க. தலைக்குள்ள மூளை, முதுகுத்தண்டு மூடியிருக்கா, இதயத்துல நாலு அறையும் இருக்கா, சிறுநீரகம், உதடு, கை கால்னு ஒவ்வொன்னா அளந்து பாப்பாங்க, அதனால அரை மணி நேரம்கூட ஆகும், பாப்பா குப்புற இருந்தா கொஞ்சம் நடந்துட்டு வரச் சொல்லுவாங்க, அதுக்கெல்லாம் பதறக்கூடாது. ஸ்கேன்ல போறது ஒலி அலை, எக்ஸ்ரே மாதிரி கதிர் கிடையாது, டாக்டர் எழுதிக் குடுத்து எடுக்கற ஸ்கேனால பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதுன்னு மாமியார்கிட்ட பொறுமையா சொல்லுங்க, முடிஞ்சா அவங்களையே கூட்டிட்டுப் போய் ஸ்க்ரீன்ல பேரப்பிள்ளையைக் காட்டுங்க. பேரனா பேத்தியான்னு மட்டும் யாரும் கேக்கக்கூடாது, 1994-லேயே சட்டம் போட்டாச்சு, கேக்கறதும் தப்பு சொல்றதும் தப்பு.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா ஒரு பொண்ணு இன்னும் என் கண்ணுலயே நிக்கறா. உடம்பு நல்லா இருக்குன்னு அஞ்சாம் மாச ஸ்கேனை விட்டுட்டு ஆறு மாசம் முடிஞ்சு வந்தா, 25 வாரம், குழந்தைக்கு மண்டை ஓடு சரியா உருவாகல. பிறந்தாலும் பிழைக்காதுன்னு டாக்டர் சொன்னப்ப அந்தப் பொண்ணு என் கையைத்தான் பிடிச்சிருந்தா, நகம் பதிஞ்ச தடம் சாயந்திரம் வரைக்கும் இருந்துச்சு. கருவைக் கலைக்கறதுக்கு சட்டப்படி 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் முடிவு போதும், 2021-ல மாத்தின சட்டப்படி குறிப்பிட்ட சில காரணங்களுக்கு 24 வாரம் வரைக்கும் ரெண்டு டாக்டர் சேந்து முடிவெடுக்கலாம், அதைத் தாண்டினா பெரிய குறை இருக்கறப்ப மெடிக்கல் போர்டு வரைக்கும் போகணும். நேரத்துக்கு வந்திருந்தா குறையை மாத்தியிருக்க முடியாது, ஆனா அந்த அலைச்சலும் அந்த ஒரு மாசமும் அவளுக்கு மிச்சமாகியிருக்கும். பெரும்பாலானவங்களுக்கு எல்லாம் நல்லா இருக்குன்னுதான் ரிப்போர்ட் வரும், அதையும் சொல்லிடறேன், பயப்படுத்த எழுதல.

உங்க தங்கச்சி விஷயம். நஞ்சு கீழ இருக்குன்னு 20 வாரத்துல சொல்றது ரொம்ப சகஜம். கர்ப்பப்பை வளர வளர அதோட கீழ்ப்பகுதி நீளும், பலூன் ஊத ஊத மேல ஒட்டின ஸ்டிக்கர் வாயை விட்டுத் தள்ளிப் போகும்ல, அதே மாதிரி நஞ்சும் மேல ஏறிடும், பத்துல ஒன்பது பேருக்கு டெலிவரிக்குள்ள ஏறிடுது. 32 வாரம் வாக்குல திரும்ப ஒரு ஸ்கேன் எடுத்துப் பாப்பாங்க. ரத்தம் படாதவரைக்கும் இருபத்துநாலு மணி நேரமும் படுத்தே கெடக்கணும்னு அவசியம் இல்ல, படுத்தே இருந்தா கால்ல ரத்தம் கட்டும், மலச்சிக்கல் வரும், மனசும் நொந்து போகும். வெயிட் தூக்க வேண்டாம், புருஷன் பொண்டாட்டி சேர்றதை அடுத்த ஸ்கேன் வரைக்கும் தள்ளி வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேக்கச் சொல்லுங்க. வலியே இல்லாம சிவப்பா ரத்தம் பட்டா துணியை மாத்திட்டு பாப்போம்னு உக்காரக்கூடாது, உடனே 108.

நர்சம்மாவுக்கு வணக்கம். என் மருமகளுக்கு ஆறாம் மாசம், ரத்தம் 8.6தான் இருக்குன்னு சொல்றாங்க. சிவப்பு மாத்திரை குடுத்தாங்க, சாப்பிட்டா பிள்ளை கருப்பா பொறக்கும்னு எங்க தெருவுல சொல்றாங்க. அவளும் குமட்டுதுன்னு சாப்பிட மாட்டேங்கறா. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் குடுத்தா போதுமா? — வாசகி, தேனி மாவட்டம்

வணக்கம்மா. மருமக ரத்தத்துக்காக மாமியார் எழுதின கடிதம், படிச்சதும் மனசு நெறஞ்சுது.

ஒரு வீட்டுக்கு வாராவாரம் போவேன், அந்தப் பொண்ணு மாத்திரை தவறாம சாப்பிடறேம்மான்னு சொல்லும், காலி அட்டையைக்கூடக் காட்டும், ரத்தம் மட்டும் ஏறவே ஏறாது. ஒருநாள் அவ மாமியார் அரிசி அளக்க டிரம்முக்குள்ள கையை விட்டா, அரிசியோட சிவப்பு சிவப்பா மாத்திரையும் வருது. அட்டையில இருந்து பிச்சு பிச்சு அதுக்குள்ள போட்டு வச்சிருக்கு, ரெண்டு மாச மாத்திரை. திட்டலாம்னுதான் வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள அந்தப் பொண்ணு அழுதுட்டே சொல்லுச்சு, "எங்க வீட்ல நான்தான் கருப்பு, என்னைச் சொன்ன மாதிரி என் பிள்ளையையும் சொல்லுவாங்க"ன்னு. அதுக்கு அப்புறம் எங்க திட்டறது. அன்னிலேர்ந்து எந்தப் பொண்ணு மாத்திரை சாப்பிடலன்னாலும் முதல்ல பக்கத்துல உக்காந்து என்ன பயம்னு கேக்க ஆரம்பிச்சேன்.

பிள்ளையோட நிறம் அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது. இரும்பு மாத்திரை கருப்பாக்காது, குங்குமப்பூ வெள்ளையாக்காது. கருப்பாறது மலம் மட்டும்தான், அது சேராம வெளிய போற இரும்பு, அதைப் பாத்து பயப்பட வேண்டாம்.

இந்த மாசங்கள்ல உடம்புல ஓடற ரத்தத்தோட அளவே ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், தண்ணிப் பகுதி அதிகமா ஏறும் சிவப்பணு அந்த அளவுக்கு ஏறாது, குழம்புல தண்ணி ஊத்தின மாதிரி ரத்தம் நீர்த்துப் போகும். அதனாலதான் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ போனா ரத்தசோகைன்னு கணக்கு வச்சிருக்காங்க, 7-க்கும் 10-க்கும் நடுவுல இருந்தா நடுத்தரம், 7-க்குக் கீழன்னா ஆஸ்பத்திரியில பெட் போட்டுப் பாக்கணும். உங்க மருமக 8.6. பேரீச்சையும் முருங்கைக்கீரையும் கட்டாயம் குடுங்க, ஆனா இந்த அளவுக்கு வந்தப்புறம் சாப்பாட்டால மட்டும் டெலிவரிக்குள்ள ஏத்த முடியாது. பீட்ரூட் கலர்தான் ரத்தம், அதுல இரும்பு கொஞ்சம்தான். அந்த சிவப்பு மாத்திரை ஒன்னுல 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு, சாதாரணமா தினம் ஒன்னு வீதம் 180 நாள், ரத்தம் கம்மின்னா டாக்டர் ரெண்டா ஆக்குவாங்க.

எப்படி சாப்பிடணும்ங்கறதுலதான் பாதி பேரு கோட்டை விடறாங்க. கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் சேத்துப் போட்டா இரும்பு உடம்புல சேராது. காலை டிபனோட ஒரு கால்சியம், மத்தியான சோத்தோட ஒரு கால்சியம், ராத்திரி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் போய் படுக்கும்போது இரும்பு மாத்திரை, கூட அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தண்ணி. ராத்திரியில போட்டா குமட்டலும் தூக்கத்துலயே போயிடும். மாத்திரைக்கு முன்னப் பின்ன ரெண்டு மணி நேரம் டீ காபி பால் வேண்டாம். மூணு மாசம் தாண்டினதும் பூச்சி மாத்திரை ஒன்னு குடுப்பாங்களே, அது போட்டாச்சான்னும் கேளுங்க, வயித்துல கொக்கிப்புழு இருந்தா எத்தனை மாத்திரை போட்டாலும் ரத்தம் ஏறாது. மாத்திரை ஒத்தே வரலன்னா நரம்பு வழியா ஏத்தற இரும்பு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே போடறாங்க, இலவசம்தான். டெலிவரியில எல்லாருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும், 11 இருக்கறவ தாங்கிக்குவா, 7 இருக்கறவ தாங்க மாட்டா, இதுக்காகத்தான் இவ்ளோ போராட்டமும்.

குங்குமப்பூ பதில் கெடச்சிடுச்சு, பப்பாளி? அப்புறம் ராத்திரி புரண்டு படுத்தா கொடி சுத்திக்கும், எழுந்து உக்காந்துதான் திரும்பிப் படுக்கணும்னு அம்மா சொல்றாங்க, நிஜமா? — கேட்டவங்க நிறைய பேரு

பழுத்த பப்பாளி சாப்பிடலாம், காய், செங்காய் வேண்டாம், அதுல இருக்கற பாலுதான் பிரச்சனை. அன்னாசி ரெண்டு துண்டு சாப்பிட்டா ஒன்னும் ஆகாது.

கொடி சுத்தறது பாப்பா தண்ணிக்குள்ள குட்டிக்கரணம் போடறதால, நீங்க புரண்டு படுக்கறதால இல்ல. ஆனா எழுந்து உக்காந்து திரும்புனா இடுப்புல சுரீர்னு பிடிக்காது, அந்த அளவுக்கு அம்மா சொன்னது சௌகரியம்தான், செய்யுங்க, பயந்துகிட்டு செய்யாதீங்க. 20 வாரத்துக்கு அப்புறம் மல்லாந்து படுத்தா கர்ப்பப்பை பின்னாடி போற பெரிய ரத்தக்குழாயை அழுத்தி தலை சுத்தும், அதனால ஒருக்களிச்சு படுத்து முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி வச்சுக்கோங்க. இடது பக்கம் நல்லது, வலது பக்கம் திரும்பிட்டோமேன்னு நடுராத்திரி பதற வேண்டாம்.

ஆறாம் மாசம் சுகர் தண்ணி குடிக்கச் சொன்னாங்க. பத்து நிமிஷத்துல மொத்தத்தையும் வாந்தி எடுத்துட்டேன், திரும்ப வரச் சொன்னாங்க, போகல. எங்க குடும்பத்துல யாருக்குமே சுகர் இல்ல, எனக்கு 24 வயசுதான். கட்டாயம் பண்ணணுமா? — வாசகி, நாகர்கோவில்

கட்டாயம் பண்ணணும் தங்கம். நஞ்சுக்கொடியில இருந்து வர்ற ஹார்மோன் நம்ம இன்சுலினை வேலை செய்ய விடாம தடுக்கும், ஆறாம் மாசத்துல இருந்து அது கூடிகிட்டே போகும், அதனாலதான் 24-ல இருந்து 28 வாரத்துக்குள்ள பாக்கறாங்க. குடும்பத்துல இல்லாட்டியும் வரலாம், ஒல்லியா இருந்தாலும் வரலாம். நம்ம சென்னையில டாக்டர் வி. சேஷய்யா இதுக்காகவே உழைச்சவர், அவர் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளா நாடு முழுக்க வச்சிருக்காங்க. வெறும் வயித்துல வர வேண்டியதில்ல, சாப்பிட்டுட்டு வந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைச்சுக் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்தா போதும்னு இங்க இருக்கற முறை, பஸ் ஏறி வர்ற நம்ம பொண்ணுங்களுக்கு எவ்ளோ பெரிய ஒத்தாசை அது.

குடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் பண்ணணும், அதனாலதான் உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. அடுத்த தடவை ஒரே மடக்குல குடிக்காத, அஞ்சு பத்து நிமிஷம் எடுத்து மெதுவா குடி. அந்த ரெண்டு மணி நேரம் கடைத்தெருவுக்குப் போகாம உக்காந்திரு, ஒன்னும் சாப்பிடாத.

140-ம் அதுக்கு மேலயும் வந்தா கர்ப்பகால சுகர். வந்தா உலகம் முடிஞ்சிடாது, ரெண்டு வாரம் சாப்பாட்டை மாத்தி தினம் நடந்தாலே பெரும்பாலானவங்களுக்கு கட்டுக்குள்ள வந்துடும், வராதவங்களுக்குத்தான் மாத்திரை, இன்சுலின். ரெண்டு பேருக்கு சேத்து சாப்பிடுன்னு சொல்லி தட்டு நிறைய சோறு போடறாங்களே அதை நிறுத்தணும், இந்த மாசங்கள்ல கூடுதலா தேவைப்படறது ஒரு நாளைக்கு 350 கலோரிதான், ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், முடிஞ்சு போச்சு. கேழ்வரகு நல்லதுன்னு கூழா கரைச்சு வெல்லம் போட்டுக் குடிச்சா சுகர் சட்டுனு ஏறும், அதையே முருங்கைக்கீரை போட்டு அடையா தட்டி சாப்பிட்டா அவ்ளோ வேகமா ஏறாது. ஜூஸ் வேண்டாம், பழமா கடிச்சு சாப்பிடு. உங்க ஊருலதான் மீனுக்குப் பஞ்சமில்லையே, மத்தியும் நெத்திலியும் குழம்பு வச்சு சாப்பிடு, பெரிய சுறா மட்டும் வேண்டாம், அதுல பாதரசம் சேந்திருக்கும். கவனிக்காம விட்டா பிள்ளை அளவுக்கு மேல பெருத்து டெலிவரி கஷ்டமாகும், பிறந்ததும் பிள்ளைக்கு சுகர் தடால்னு இறங்கும். நாளைக்கே போ.

மனைவிக்கு 22 வாரம். சென்னையில இருந்து திருநெல்வேலிக்கு கூட்டிட்டுப் போகணும், கார்ல போலாமா அம்மா? — வாசகர், சென்னை

போகலாம் தம்பி, பயணம் பண்ண இதுதான் தோதான காலம். கார்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை நிறுத்தி அஞ்சு நிமிஷம் நடக்க வைங்க, சீட் பெல்ட்டை வயித்துக்குக் கீழ தொடை மேல வர்ற மாதிரி போடணும், வயித்து மேல குறுக்க போடக்கூடாது. எனக்குக் கேட்டா ராத்திரி ரயில்ல லோயர் பெர்த் போடுங்கன்னுதான் சொல்லுவேன், பாத்ரூம் இருக்கு, நீட்டிப் படுக்கலாம். ஆஸ்பத்திரி ஃபைல், ரத்த குரூப், கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப குடுத்த பிக்மி நம்பர் எல்லாம் கைப்பையில இருக்கட்டும், பெட்டிக்குள்ள போட்டு சீட்டுக்கு அடியில தள்ளிடாதீங்க. மனைவிக்கு நெகட்டிவ் குரூப்பா இருந்தா 28 வாரத்துல ஒரு ஊசி போடணும், அது எங்க போடறதுன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க.

நான் பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறேன், நாள் முழுக்க நின்னுட்டே வேலை. அஞ்சரை மாசம். சாயந்திரம் கால் வீங்குது, எழும்பும்போது அடிவயித்துல ஒரு பக்கம் சுரீர்னு இழுக்குது, வெள்ளை படுது. இதெல்லாம் சாதாரணமா? வேலையை விட்டுடவா? — வாசகி, திருப்பூர்

ஒவ்வொன்னா பாப்போம்மா. சாயந்திரம் பாதம் வீங்கி காலையில வடிஞ்சிட்டா அது நின்னதால வர்றது. காலையில எழும்போதே முகமும் கைவிரலும் வீங்கி வளையல் இறங்கலன்னா, விடாம தலை வலிச்சா, கண்ணு முன்னாடி பூச்சி பறந்தா, மேல்வயிறு வலிச்சா அது பிபியா இருக்கலாம், அஞ்சு மாசத்துக்கு அப்புறம்தான் இந்த வகை பிபி ஆரம்பிக்கும், 140-க்கு 90 தொட்டாலே விடக்கூடாது. பிபி ஏறினாலும் நிறைய பேருக்கு ஒன்னும் தெரியாது, அளந்தாத்தான் தெரியும், நல்லா இருக்கும்போதும் செக்கப் போங்கன்னு நான் கத்தறது இதுக்குத்தான்.

சுரீர்னு இழுக்கறது கர்ப்பப்பையைத் தாங்கற நார் நீளறதால, ஒரு கையை வயித்துல வச்சு மெதுவா எழுந்தா குறையும். வயிறு முழுக்க கல்லு மாதிரி இறுகி இறுகி விட்டா அது வேற, உடனே காட்டணும். வெள்ளை பால் மாதிரி, வாடை அரிப்பு இல்லாம இருந்தா சாதாரணம், தயிர் திரிஞ்ச மாதிரி அரிப்போட இருந்தா மருந்து வேணும், தண்ணியா தொடையில வழிஞ்சா பனிக்குடமா இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

நீங்க எழுதாத ஒன்னை நான் கேக்கறேன். பாத்ரூம் போறதுக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுப் போகணுமேன்னு ஒன்னுக்கை அடக்கிட்டு நிக்கிறீங்களா? அடிக்கடி போகணுமேன்னு தண்ணியே குடிக்காம இருக்கீங்களா? கம்பெனிக்குப் போற பொண்ணுங்க பத்து பேர்கிட்ட கேட்டா ஏழெட்டு பேரு ஆமான்னு தலையை ஆட்டுவாங்க. தயவுசெஞ்சு அடக்காதீங்க கண்ணு, அதுல ஒன்னுக்குத் தொத்து வரும், கர்ப்பத்துல அது சிறுநீரகம் வரைக்கும் ஏறி குளிர்காய்ச்சல் வரும், சில பேருக்கு குறைமாசத்துலயே வலி பிடிச்சுடும். எரிச்சல் இருந்தா ஒன்னுக்கு டெஸ்ட் பண்ணிடுங்க.

வேலையை விட வேண்டாம். உக்காந்து பாக்கற வேலைக்கு மாத்திக் குடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிக் குடுங்க, அது வரைக்கும் ஒரு குட்டி ஸ்டூல் வச்சு கால் மாத்தி கால் அது மேல வச்சு நில்லுங்க, இடுப்பு வலி பாதி குறையும். ஈஎஸ்ஐ பிடிக்கறாங்கன்னா முதல் ரெண்டு பிள்ளைக்கும் 26 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, ரெண்டு சந்தா காலத்துல 70 நாளுக்கு சந்தா கட்டியிருக்கணும், அதுக்குத்தான் சொல்றேன் இப்ப விட்டுட்டு நின்னுடாதீங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேத்து 18,000 ரூபாய் வரும், அதுக்கு தகுதி இருக்கான்னு உங்க ஏரியா கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேட்டுப் பதிஞ்சிடுங்க.

எனக்கு இது ரெண்டாவது. முதல் பிள்ளை போன வருஷம் ஆறாம் மாசம் தானா வலி வந்து பொறந்து தங்கல. இப்ப 14 வாரம். ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் ரத்தம் இருக்கான்னு பாக்கறேன். வீட்ல எல்லாரும் பழசைப் பேசாதன்னு சொல்றாங்க. சந்தோஷமா இருக்கவே பயமா இருக்கு. — ஊர் வேண்டாம்

பழசைப் பேசலாம் கண்ணு. அதுவும் உன் பிள்ளைதான், அதுக்குப் பேரு வச்சிருந்தா பேரைச் சொல்லியே பேசு, அதைப் பேசினா இந்தப் பிள்ளைக்கு ஆகாதுன்னு ஒன்னும் கிடையாது. வீட்ல கேக்க ஆளில்லன்னா 104-க்குப் போட்டுப் பேசு, 14416-ம் மனசு சம்பந்தமா பேசறதுக்குத்தான், ரெண்டுமே காசில்லாம பேசலாம். பாத்ரூம்ல ரத்தம் பாக்கற பழக்கம் ஒரு பிள்ளையைத் தொலைச்ச எல்லாத் தாய்க்கும் இருக்கும், நீ ஒன்னும் பைத்தியம் ஆகல.

ஆனா உனக்கு இந்த மாசங்கள் மத்தவங்க மாதிரி மாசம் ஒரு செக்கப்னு போகக்கூடாது. தானா ஆறாம் மாசம் வலி வந்து பொறந்துச்சுன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லணும், கர்ப்பவாய் நீளத்தை 16 வாரத்துல இருந்து 24 வாரம் வரைக்கும் ஸ்கேன்ல அளந்துட்டே வருவாங்க, குட்டையாகிட்டே வந்தா தையல் போடுவாங்க, இல்லன்னா புரோஜெஸ்டிரான் மருந்து குடுப்பாங்க. போன தடவை பிபி ஏறியிருந்துச்சுன்னா 16 வாரத்துக்குள்ள சின்ன டோஸ் ஆஸ்பிரின் ஆரம்பிக்கலாமான்னு கேக்கணும், உனக்கு இப்ப 14, அதனால அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காத. போன டெலிவரி எந்த ஆஸ்பத்திரியில நடந்துச்சோ அங்க குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவுல துணிக்கு அடியில எங்கயாவது இருக்கும், யாரும் பாக்கக் கூடாதுன்னு நீயே எடுத்து வச்சிருப்ப. அதை எடுத்துக்கோ, உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கோ, இந்த வாரமே மகப்பேறு டாக்டரைப் போய்ப் பாரு.